ஆபீஸ் விட்டதும் திரை விலகும் ஊர்

கொல்கத்தாவுக்கு ஜனவரியில் போக வேண்டும். வெயில் உறுத்தாது, புத்தகக் கண்காட்சி கூடும், நாடகக் குழுக்கள் சுறுசுறுப்பாக இருக்கும். காளிகாட்டையும் விக்டோரியா நினைவகத்தையும் முன்பே பார்த்துவிட்டதால், இந்த முறை நாடகம், புத்தகம், மண் சிற்பம் என்று மட்டும் சுற்றுவதாக முடிவு செய்திருந்தேன். எனக்கு வங்காளம் படிக்க வராது. தங்கியிருந்த வீட்டு நண்பர்தான் காலையில் நாளிதழை விரித்து, இன்று எந்தக் குழு, எந்த அரங்கு, எத்தனை மணி என்று படித்துச் சொல்வார். சினிமா விளம்பரம் போலவே நாடக விளம்பரமும் பத்தி பத்தியாக வருகிற ஊர் அது.

முதல் மாலை அகாடமி ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ். 1933இல் லேடி ராணு முகர்ஜி தொடங்கிய நிறுவனம். ஓவியக் கூடங்களோடு ஒரு நாடக அரங்கும் உண்டு. கூப்பிடு தூரத்தில் ரவீந்திர சதன், சிசிர் மஞ்ச அரங்குகள், 1985இல் சத்யஜித் ராய் திறந்துவைத்த நந்தன் திரைப்பட மையம். நான் பார்த்தது ஒரு மேற்கத்திய நாடகத்தின் வங்காளத் தழுவல். வாசலில் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்த கண்ணாடிக்காரர், இரண்டாம் காட்சியில் போலீஸ்காரராக மேடைக்கு வந்தார். இடைவேளையில் விசாரித்தேன். பகலில் வங்கியில் வேலையாம். ஒளியமைப்பைப் பார்த்துக்கொள்பவர் பள்ளி ஆசிரியர். இதைத்தான் அங்கே ‘குரூப் தியேட்டர்’ என்கிறார்கள். பகலில் ஒரு பிழைப்பு, மாலையில் ஒத்திகை. கைக்காசு போட்டு நாடகம்.

இந்த வழக்கத்துக்கு வயது அதிகம். வங்கப் பஞ்சத்தைப் பற்றி பிஜன் பட்டாச்சார்யா எழுதிய ‘நபான்ன’ நாடகத்தை 1944இல் இப்டா என்ற இந்திய மக்கள் நாடக மன்றம் மேடையேற்றியது. அதில் பங்கெடுத்த சம்பு மித்ரா 1948இல் ‘பஹுரூபி’ குழுவைத் தொடங்கினார். மேடைக்கு ஒத்துவராது என்று பலரும் ஒதுக்கியிருந்த தாகூரின் ‘ரக்தகரபி’யை 1954இல் நடத்திக் காட்டினார். நாடக இயக்குநர் உத்பல் தத் 1959இல் மினர்வா அரங்கில் ‘அங்கார்’ போட்டபோது, நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் ஏறித் தொழிலாளர்கள் மூழ்குவதை ஒளியமைப்பாளர் தபஸ் சென் வெறும் விளக்கொளியால் செய்து காட்டியதை அந்த ஊர்க்காரர்கள் இன்னும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். நாடகாசிரியர் பாதல் சர்க்கார் மேடையையே வேண்டாம் என்றார். அவர் நகரத் திட்டமிடலில் வேலை பார்த்த பொறியாளர். அரங்க வாடகை, செட், விளக்கு எல்லாவற்றையும் உதறிவிட்டு, கர்சன் பூங்காவில் கூட்டத்துக்கு நடுவே நாடகம் போட்டார். நம் ஊரில் ஞாநியின் ‘பரீக்‌ஷா’ உள்ளிட்ட குழுக்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது கொஞ்சமல்ல.

மறுநாள் காலேஜ் ஸ்ட்ரீட். பிரசிடென்சி பல்கலைக்கழகச் சுவரை ஒட்டி மரத்தாலும் தகரத்தாலும் அடித்த கடைகள். நீட் கைடும் மார்க்சும் ஒரே அடுக்கில் கிடக்கின்றன. கேட்ட புத்தகம் இல்லையென்றால் கடைக்காரர் கைவிரிப்பதில்லை. ஸ்டூலைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, நாலு கடை தள்ளிப் போய் வாங்கி வந்து கொடுக்கிறார். ராய் வரைந்த அட்டை ஏதாவது இருக்கிறதா என்று ஒருவரிடம் கேட்டேன். பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு பழைய பிரதியை உள்ளேயிருந்து எடுத்தார். ஜிம் கார்பெட்டின் குமாவுன் புலிகள், வங்காள மொழிபெயர்ப்பு, சிக்னெட் பிரஸ் வெளியீடு. இரண்டு அட்டையிலும் புலித்தோல் வரிகள். ஒரு பக்கம் குண்டு புகுந்த சின்ன ஓட்டை, மறுபக்கம் அது வெளியேறிய பெரிய ஓட்டை. எழுத்துகள் அந்த ஓட்டைகளுக்குள். விலை கேட்டுவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தேன். விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே ராய் இப்படி அட்டைகள் வரைந்தார். ‘பதேர் பாஞ்சாலி’யின் சிறுவர் பதிப்புக்குப் படம் போட்டபோதுதான் அந்தக் கதை அவர் மனதில் சினிமாவாக விழுந்தது.

எதிர்ச் சந்தில் காபி ஹவுஸ். 1958 முதல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கமே நடத்துகிறது. காபி சுமார்தான், ஆனால் யாரும் எழுந்திருக்கச் சொல்வதில்லை. பக்கத்து மேசையில் நான்கு பேர் ஒரு சிற்றிதழுக்கு மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தார்கள். அருகிலேயே டேமர் லேனில், சந்தீப் தத்தா என்ற ஆசிரியர் 1978இல் தன் வீட்டிலேயே தொடங்கிய சிற்றிதழ் நூலகம் இருக்கிறது. தேசிய நூலகம் சிற்றிதழ்களைக் கழித்துப் போட்டதைக் கண்டு பொறுக்காமல் சேர்க்க ஆரம்பித்தவர். 2023இல் காலமானார்.

வடக்கே சித்பூர் சாலையில் ஜாத்ரா கம்பெனிகளின் அலுவலகங்கள். கிராமங்களில் ராத்திரி நாடகம் போடும் இக்குழுக்களுக்கு ரத யாத்திரை நாளில்தான் புதுக் கணக்கு. வாசலெல்லாம் கண்ணைப் பறிக்கும் சுவரொட்டிகள். இன்னும் சற்று நடந்தால் மண் சிலை செய்பவர்களின் குமார்துலி. ஜனவரி என்பதால் சரஸ்வதி சிலைகள் வரிசை கட்டி நின்றன. மூங்கில் சட்டத்தில் வைக்கோலைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி உடம்பு. அதன்மேல் முதலில் ஒட்டும் களிமண், பிறகு நைசான ஆற்று மண். விரல்களைத் தனியே உருட்டிச் செய்து மணிக்கட்டில் பொருத்திய ஒரு இளைஞர், மண் குழம்பில் நனைத்த துணிக் கீற்றை மூட்டின் மேல் சுற்றி ஈரக்கையால் நீவினார். துணி இல்லாவிட்டால் காய்ந்ததும் வெடித்துவிடுமாம். துர்கா பூஜைப் பந்தல்களில் இப்போது ஓவியக் கல்லூரியில் படித்தவர்கள் ஆண்டுக்கொரு கருப்பொருளோடு நிர்மாணக் கலையே செய்கிறார்கள். 2021இல் யுனெஸ்கோ அந்தப் பூஜைக்கு அங்கீகாரம் தந்தது. அந்தப் பந்தல்கள் எல்லாம் சில நாளில் பிரிக்கப்படுவதற்காகவே கட்டப்படுபவை.

எல்லாம் செழிப்பாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. பழைய நாடக அரங்கான ஸ்டார் தியேட்டர் 1991இல் எரிந்து, மீண்டும் எழுந்தபோது பெரும்பாலும் சினிமாக் கொட்டகையாகிவிட்டது. நல்ல நடிகர்களைத் தொலைக்காட்சித் தொடர்கள் அள்ளிக்கொள்கின்றன. சிற்றிதழ்க்காரர்கள் காகித விலையைச் சொல்லிப் புலம்புகிறார்கள். ஆனாலும் 1976இல் தொடங்கிய புத்தகக் கண்காட்சியில், ஆளுக்கொரு மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் அதே சிற்றிதழ்க்காரர்களைப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. கலையை நம்பி வாழ்கிறவர்களைவிட, தன் சம்பளத்தில் கலையை வாழவைக்கிறவர்கள் அந்த ஊரில் அதிகம். லாபம் வராததால் நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் இல்லை. லாபத்துக்காக யாரும் தொடங்கவே இல்லையே!

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. மொழி தெரியாதே என்று தயங்காமல் ஒரு நாடகத்துக்கு டிக்கெட் எடுங்கள். முடிந்ததும் டாக்சி தேடி ஓடாதீர்கள். வெளியே டீக்கடையில் அரை மணி நேரம் நில்லுங்கள். நடித்தவரும் பார்த்தவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சண்டை போடுவார்கள். கொஞ்சம் ஆங்கிலமோ இந்தியோ பேசினால் போதும், உங்களையும் கட்சி சேர்த்துக்கொள்வார்கள்.