கச்சாங் என்றால் எளிதா?

ஈப்போ மாநகருக்குச் சென்று வெறுங்கையோடு திரும்புவோர் அரிது. கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இந்நகரம், சுண்ணாம்புக்கல் மலைகளுக்கும் ஈயச் சுரங்க வரலாற்றுக்கும் மட்டுமன்றி, உணவுக்கும் பெயர் பெற்றது. தம்புன் பம்பளிமாஸ், மெங்லெம்பு நிலக்கடலை, மார்ஜரின் சேர்த்து வறுத்த கொட்டையிலிருந்து தயாராகும் வெள்ளைக் காப்பி என அதன் பட்டியல் நீளும். அப்பட்டியலில் தமிழரின் கைவண்ணமாக இடம்பெற்றிருப்பது புந்தோங் கச்சாங் பூத்தே.

தீபாவளிக்கு இரண்டு வாரங்களே இருந்தன. சனிக்கிழமை காலையில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் கார் புந்தோங்கில் ஒரு பலகாரக் கடைமுன் நின்றது. தாத்தா முதலில் இறங்கினார். நான்காம் படிவத்தில் பயிலும் பேரன் கைப்பேசியைப் பார்த்தபடியே அவரைப் பின்தொடர்ந்தான்.

“தாத்தா, நம்ம வீட்டுப் பக்கத்துப் பேரங்காடியிலேயே முறுக்கு கிடைக்குது. இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்?”

“முதல்ல சாப்பிட்டுப் பாரு. அப்புறம் பேசு.”

கடையில் முறுக்கு, ஓமப்பொடி, பக்கோடா, காரக் கடலைப்பருப்பு, பச்சைப்பட்டாணி, கொண்டைக்கடலை, மரவள்ளிக்கிழங்குச் சீவல் எல்லாம் குவிந்திருந்தன. கடைக்கார அம்மாள் ஒரு பிடி கொண்டைக்கடலையை அள்ளிப் பையனின் உள்ளங்கையில் வைத்தார். அவன் மென்றான், சுவையாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

“இதுல என்ன இருக்கு, அக்கா? கடலைய எண்ணெயில போட்டு எடுத்தா முடிஞ்சுது. கச்சாங் வேலைதானே!”

மலாய்மொழியில் ‘கச்சாங்’ என்பது கடலை, பயறு வகைகளைக் குறிக்கும் சொல். இன்றைய பேச்சுவழக்கில் அதற்கு ‘மிகவும் எளிது’ என்னும் பொருளும் உண்டு. தேர்வு எளிதாக இருந்தாலும் கச்சாங். விளையாட்டில் எளிதாக வென்றாலும் கச்சாங். பேரன் சொன்னதைக் கேட்டுத் தாத்தாவின் முகம் சுருங்கியது. அந்த அம்மாள் கோபப்படவில்லை.

“கச்சாங் வேலைதான், தம்பி. உள்ள வந்து பாரு” என்றார்.

பின்கட்டில் அனல் வீசியது. பெரிய இருப்புச்சட்டிகளுக்கு முன்னால் இரண்டு பெண்கள் வியர்வை வழிய நின்றிருந்தனர். வாளிகளில் கொண்டைக்கடலை ஊறிக்கொண்டிருந்தது. முதல்நாள் இரவே அதை ஊறவைக்க வேண்டும். பிறகு நீரை நன்றாக வடித்து உலர்த்த வேண்டும். ஈரம் மிஞ்சினால் சூடான எண்ணெய் வெடித்துத் தெறிக்கும். தீ கூடினால் மேல்தோல் கருகி உள்ளே வேகாமல் நிற்கும். குறைந்தால் கடலை எண்ணெயைக் குடித்துவிடும். நிலக்கடலையைச் சூடான மணலில் வறுப்பதும் உண்டு. மணல் எல்லாப் பக்கமும் சீராகச் சூட்டைப் பரப்பும். ஆனால், கை ஓயாமல் கிளற வேண்டும். பின்பு மணல் ஒட்டாதபடி சலித்தெடுக்க வேண்டும்.

ஓமப்பொடிக்கு வேறொரு நுட்பம் தேவை. ஓமத்தை ஊறவைத்து அரைத்து, வடிகட்டிய சாற்றை மட்டுமே மாவில் சேர்ப்பார்கள். சிறு துகள் தங்கினாலும் அச்சின் நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும். முறுக்கு மாவு இறுகினால் பிழியும்போது இழை அறும். இளகினால் எண்ணெய் ஏறும். பொரித்து எடுத்தவுடன் பையில் அடைத்துவிடவும் முடியாது. சூட்டோடு அடைத்தால் ஆவி உள்ளேயே நீராகிப் பலகாரம் நமத்துப்போகும். ஆறியபின் தாமதித்தாலோ, நம் நாட்டு ஈரக்காற்றே மொறுமொறுப்பைக் கெடுத்துவிடும். அந்த இடைப்பட்ட நேரத்தை அவர்கள் கடிகாரத்தைப் பார்த்து அறிவதில்லை. கைகளால் தொட்டு அறிகிறார்கள்.

பையன் அந்த அம்மாளின் முன்கையைப் பார்த்தான். எண்ணெய் தெறித்த பழைய வடுக்கள் புள்ளி புள்ளியாக இருந்தன. அவன் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

இத்தொழிலுக்குக் கடல் கடந்த ஒரு வரலாறு உண்டு. பாரதியார் 1882இல் பிறந்த ஊர் எட்டயபுரம். தமிழ்நாட்டின் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள அவ்வட்டாரம், மழையை நம்பி வாழும் கரிசல் பூமி. கடலை அங்குள்ளோரின் கைக்குப் பழகிய பொருள். பக்கத்து ஊரான கோவில்பட்டியின் கடலைமிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து 1940களில் ஈப்போவுக்கு வந்த குடும்பங்களே கச்சாங் பூத்தே தொழிலை இங்கு வேரூன்றச் செய்தன.

அக்காலத்தில் பலகாரத் தட்டைத் தலையில் சுமந்து விற்றனர். பின்பு மிதிவண்டியும் மோட்டார் சைக்கிளும் வந்தன. திரையரங்கு வாசலிலும் பள்ளி வாயிலிலும் திடலோரத்திலும், பழைய தொலைபேசிப் புத்தகத் தாளைக் கூம்பாகச் சுருட்டிக் கடலையை நிரப்பிக் கொடுத்தனர். மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒரே தட்டிலிருந்து வாங்கி உண்டனர். தமிழர் செய்த பலகாரத்திற்கு மலாய்ப் பெயரே நிலைத்துவிட்டது.

கடைக்குள் திரும்பியபோது தாத்தா பேசத் தொடங்கினார். “நாங்க தோட்டத்துல இருந்தப்ப, சம்பள நாள் சாயங்காலம் சைக்கிள்ல கச்சாங் பூத்தேக்காரர் வருவாரு. அப்பா பத்துக் காசுக்கு ஒரு பொட்டலம் வாங்கித் தருவாரு. நாங்க மூணு பேரு. கடலைய எண்ணித்தான் பங்கு போட்டுக்குவோம்.”

“உங்க பிள்ளைங்களும் இந்த வேலைதான் செய்யறாங்களா, அக்கா?” என்று பையன் மெல்லக் கேட்டான்.

அந்த அம்மாளின் கை ஒரு கணம் நின்றது. “மகன் பினாங்குல படிக்கிறான், தம்பி. இந்த அடுப்படிக்கு அவன வரச் சொல்ல எனக்கு மனசு வரல. கடைய மூடவும் மனசு வரல.”

யாரும் உடனே பதில் சொல்லவில்லை. பிள்ளைகள் படித்து முன்னேற வேண்டும் என்பதற்காகவே இத்தனை காலம் அடுப்பு எரிந்தது. அவர்கள் முன்னேறிய பிறகு அந்த அடுப்பை யார் பற்றவைப்பது? இயந்திரம் மாவு பிசையும், பையை ஒட்டும். கொண்டைக்கடலை மலேசியாவில் விளைவதில்லை. அயல்நாடுகளிலிருந்து அதை வரவழைத்துவிடலாம். பதத்தை அறியும் கையை எங்கிருந்து வரவழைப்பது?

பைகளை எடைபோட்டு முடித்தபின் பையனின் அம்மா வழக்கம்போல், “கொஞ்சம் குறைச்சுக் கொடுங்களேன்” என்றார்.

“அம்மா, வேணாம். கேட்டதைக் கொடுத்துடுங்க” என்றான் மகன்.

அம்மா அவனை வியப்போடு பார்த்தார். பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுத்தார். கடைக்கார அம்மாள் ஒரு தாளைக் கூம்பாகச் சுருட்டி, கொண்டைக்கடலையை நிரப்பி அவனிடம் நீட்டினார்.

திரும்பும் வழியில் தாத்தா கல்லுமலைக் கோயிலுக்குப் போகச் சொன்னார். தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து புறப்படும் காவடிகள் வந்தடையும் முருகன் கோயில் அது. கச்சாங் பூத்தே குடும்பங்கள் முதலில் குடியிருந்தது குனோங் சீரோ எனப்படும் இம்மலையருகில்தான். 1973 அக்டோபரில் மலையிலிருந்து பெரும்பாறை பெயர்ந்து அடிவாரத்து நீள்வீட்டின் மேல் விழுந்தது. ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். அதன் பின்னரே கச்சாங் பூத்தே குடும்பங்கள் புந்தோங்கிற்குக் குடிபெயர்ந்தன.

பையன் செங்குத்தான வெண்பாறையை அண்ணாந்து பார்த்தான். கையில் பொட்டலம் இருந்தது.

“அதுக்கப்புறமும் இவங்க கடலை வறுத்தாங்களா, தாத்தா?”

“வறுத்தாங்க. அதனாலதான் இன்னிக்கு உன் கையில அது இருக்கு.”

அவன் பொட்டலத்தைத் தாத்தாவிடம் நீட்டினான். இருவரும் ஒவ்வொரு கடலையாக எடுத்து மென்றபடி காரை நோக்கி நடந்தனர்.