எழுதி முடித்து எழுந்து போனவர்

சுப்ரமணியன் சந்திரசேகர் என்றாலே எல்லோரும் கப்பலில் ஏறிவிடுவார்கள். 1930-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்த பத்தொன்பது வயதுப் பையன், கேம்பிரிட்ஜுக்குக் கப்பலில் போகும் வழியில் போட்ட கணக்கு, 1935 ஜனவரியில் லண்டன் கூட்டத்தில் வானியற்பியலாளர் எடிங்டன் அதைக் கேலி செய்தது, 1983-இல் நோபல். நல்ல கதைதான், கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அந்தக் கூட்டத்துக்குப் பிறகும் மனிதர் அறுபது ஆண்டுகள் இருந்தாரே, என்ன செய்துகொண்டிருந்தார்?

புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். கப்பலில் போட்ட கணக்கு சொன்னது இதுதான்: எரிபொருள் தீர்ந்த விண்மீன் சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் நிறை கொண்டிருந்தால் வெண்குறுமீனாக நிலைக்க முடியாது. உள்ளே எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும்போது அவை தரும் அழுத்தம் ஈர்ப்புக்கு ஈடுகொடுக்காது. இதை வைத்துக்கொண்டு எடிங்டனோடு இன்னும் பல வருடம் மல்லுக்கட்டியிருக்கலாம். அவரோ விண்மீன்களின் கட்டமைப்பைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் 1939-இல் ஒரு நூலாக்கிவிட்டு அந்தத் துறையிலிருந்தே எழுந்துவிட்டார். பிறகு விண்மீன் கூட்டங்களின் இயக்கம், 1942-இல் நூல். அடுத்து கதிர்வீச்சு விண்மீனின் வளிமண்டலத்தைக் கடந்து வரும் விதம், 1950-இல் நூல். பாய்மங்களின் நிலைப்புக்கு 1961. ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் எழுதி முடித்து, கதவைச் சாத்திவிட்டு, அடுத்த துறையில் மாணவனாக உட்கார்ந்தார். இடையில் 1952 முதல் 1971 வரை வானியற்பியல் ஆய்விதழ் ஒன்றின் ஆசிரியர் வேலை வேறு!

கருந்துளைகள் பற்றிய பெரிய நூல் 1983-இல் வந்தது. அப்போது வயது எழுபதைத் தாண்டியிருந்தது. அதில் பக்கத்துக்குப் பக்கம் சமன்பாடுகள். எனக்கு அதில் முக்கால்வாசி புரியாது. ஆனாலும் ஓர் ஆள் எதையும் அரைகுறையாக விடமாட்டேன் என்று உட்கார்ந்திருப்பது சமன்பாடு தெரியாதவனுக்கும் தெரிகிறது. எடிங்டனைப் பற்றியும் அதே ஆண்டில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அந்தக் காலத்தின் தலைசிறந்த வானியற்பியலாளர் அவரே என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார். நோபலைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கடைசி நூல் நியூட்டனின் பிரின்சிப்பியா பற்றியது, 1995-இல் வெளிவந்தது. முதலில் நியூட்டனின் நிரூபணத்தைப் பார்க்காமல் தேற்றத்தைத் தானே நிறுவுவார். பிறகுதான் நியூட்டனின் வழியோடு ஒப்பிடுவார். பொதுவாசகருக்கானது என்று தலைப்பு சொல்கிறது. அந்தப் பொதுவாசகர் எந்த ஊர்க்காரரோ! அதே ஆண்டு ஆகஸ்டில் சிகாகோவில் காலமானார்.

இவரைப் படிக்க நினைப்பவர்கள் 1987-இல் வந்த, உண்மையும் அழகும் பற்றிய சொற்பொழிவுத் தொகுப்பில் தொடங்குங்கள். ஷேக்ஸ்பியர், நியூட்டன், பீத்தோவன் மூவரையும் ஒரே உரையில் வைத்துப் பேசுகிறார். இப்சனின் நாடகத்தைத் தமிழாக்கிய சீதாலட்சுமியின் மகன் அல்லவா? கணக்கு வராதவர்களும் தாராளமாகப் படிக்கலாம்.