நாலா, மூணா?

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் எதையெல்லாம் பார்ப்பார்கள்? டயர், பெயின்ட், சீட் கவர், ஏசி. கொஞ்சம் விவரமானவர்கள் கதவு இடுக்கில் விரலை விட்டுத் துரு இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள் (கடற்கரை ஊர் அல்லவா). பானெட்டைத் திறந்து, எட்டிப் பார்த்து, ஏதோ புரிந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு மூடுவார்கள். உள்ளே இருப்பது எந்த இன்ஜின் என்று கேட்கிறவர்கள் ரொம்பக் குறைவு. "பெட்ரோல்தானே, ஒன்றரை லிட்டர்தானே" என்பதோடு சரி.

லாஸ்பேட்டையில் இருக்கும் அந்த ரிட்டயர்டு வாத்தியாரும் அந்த ரகம்தான். முப்பது வருடத்துக்கு மேல் ஸ்கூட்டரிலேயே காலத்தை ஓட்டியவர். மனைவிக்கு மூட்டுவலி வந்த பிறகு, சென்னையில் இருக்கும் மகன் வீட்டுக்கு ஈசிஆர் பஸ்ஸில் ஏறி இறங்குவது பெரும்பாடாகிவிட்டது. கையில் மிச்சமிருந்த ஐந்து லட்சத்தில் ஒரு கார் பார்த்துவிடலாம் என்று முடிவெடுத்தார். அந்தப் பணம் போனால் திரும்ப வராது. வேறு வருமானம் பென்ஷன் மட்டும்தான்.

நெல்லித்தோப்பில் ஒரு புரோக்கர் ஃபோர்டு ஈகோஸ்போர்ட் ஒன்றைக் காட்டினார். வெள்ளைக் கலர், பெட்ரோல், மேனுவல் கியர், 4 லட்சத்து 60 ஆயிரம். நம்பர் பிளேட்டில் பி.ஒய். 01 என்று இருந்ததும் வாத்தியாருக்கு ஒரு நிம்மதி, நம்ம ஊர் வண்டி என்று. (அந்த நிம்மதிக்கு அர்த்தமே இல்லை. சாலை வரி குறைவு என்பதற்காகவே வெளிமாநிலத்துக்காரர்கள் இங்கே பதிவு செய்த கார்கள் ஏராளம். 2017-ல் கேரளாவில் இதைவைத்துப் பெரிய சர்ச்சையே நடந்தது. பி.ஒய். நம்பர் வைத்துக்கொண்டு ஒரு நாளும் காந்தி சிலையைப் பார்த்திராத வண்டிகள் உண்டு!)

"2018 மாடல், ஃபோர் சிலிண்டர் இன்ஜின் சார், கல்லு மாதிரி இருக்கும்" என்றார் புரோக்கர். வாத்தியார் 10 ஆயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, சம்பிரதாயத்துக்கு முதலியார்பேட்டை மெக்கானிக் ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் கேட்ட முதல் கேள்வி:

"நாலு சிலிண்டரா, மூணு சிலிண்டரா சார்?"

"1.5 பெட்ரோல்ப்பா."

"அதான் சார் கேக்குறேன். ரெண்டுமே 1.5 பெட்ரோல்தான்."

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஈகோஸ்போர்ட் நமக்குப் பக்கத்து ஊர் வண்டி மாதிரிதான், மறைமலை நகரில் செய்தது. 2013 ஜூனில் விற்பனைக்கு வந்தபோது மூன்று இன்ஜின்கள்: 1.5 பெட்ரோல் நாலு சிலிண்டர், 1.0 ஈகோபூஸ்ட் டர்போ பெட்ரோல் மூணு சிலிண்டர், 1.5 டீசல். 2017 நவம்பரில் முகத்தை மாற்றினார்கள், கூடவே 1.5 பெட்ரோல் இன்ஜினையும் மாற்றினார்கள். புதிதாக வந்தது டிராகன் என்று பெயர் வைத்த மூணு சிலிண்டர் இன்ஜின். பழசு 112 பி.எஸ்., புதுசு 123 பி.எஸ். சிலிண்டர் ஒன்று குறைந்து சக்தி கூடிவிட்டது. ஆனால் விளம்பரத்திலும் வாய்ப்பேச்சிலும் இரண்டுக்கும் ஒரே பெயர், "1.5 பெட்ரோல்". சிசி கணக்கிலும் பெரிய வித்தியாசம் கிடையாது, ஒன்றிரண்டு சிசி முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான்.

இந்தக் குழப்பம் நம் நாட்டுக்குப் புதிதில்லை. மாருதி 800-ல் கார்புரேட்டர் வைத்த பழைய இன்ஜினும் 796 சிசி, பிறகு வந்த எம்பிஎஃப்ஐ இன்ஜினும் 796 சிசி. அம்பாசடர் கதை இன்னும் சுவாரஸ்யம். 2014-ல் உற்பத்தி நிற்கும்வரை வெளித்தோற்றம் ஏறக்குறைய அதே தோற்றம்தான். உள்ளே 1489 சிசி பெட்ரோல் இருக்கலாம், டீசல் இருக்கலாம், தொண்ணூறுகளில் வந்த 1817 சிசி இசுசு இன்ஜினும் இருக்கலாம். கியர் கம்பி ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கிறதா, தரையில் இருக்கிறதா என்று பார்த்து ஊகித்த காலம் உண்டு. அந்த ஊகமும் பொய்த்துப் போகும், ஏனென்றால் பெட்ரோலைக் கழற்றிவிட்டு டீசல் மாட்டியவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். மாருதி ஜென் டீசலுக்குள் இருந்தது பிரான்ஸ் நாட்டு பெஜோ இன்ஜின் என்பது புதுச்சேரிக்காரர்களுக்கே எத்தனை பேருக்குத் தெரியும்? :-)

சரி, நாலோ மூணோ, ஓடினால் போதாதா? வாத்தியாரும் இதைத்தான் கேட்டார். மெக்கானிக் சொன்ன பதில்தான் அவரை அன்று ராத்திரி தூங்க விடவில்லை.

இன்ஜினுக்குள் வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூட, கிராங்க் ஷாஃப்டையும் கேம் ஷாஃப்டையும் ஒரு பெல்ட் இணைக்கிறது. டைமிங் பெல்ட். பழைய நாலு சிலிண்டரில் அது வெளியே ஒரு மூடிக்குள், எண்ணெய் படாமல் ஓடுகிறது. டிராகனிலும் ஈகோபூஸ்டிலும் அதே பெல்ட் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே நனைந்துகொண்டு ஓடுகிறது. உராய்வு குறையும், சத்தம் குறையும், மைலேஜ் கொஞ்சம் கூடும். எல்லாம் நல்லதுதான், நிறுவனம் சொன்ன தரத்தில் ஆயில் ஊற்றும்வரை. தவறான ஆயிலை ஊற்றினாலோ, ஆயில் மாற்றாமல் இழுத்தடித்தாலோ பெல்ட்டின் ரப்பர் ஊறி உரிய ஆரம்பிக்கும். அந்தத் துணுக்குகள் அடியில் இருக்கும் ஆயில் வடிகட்டியில் போய் அடைத்துக்கொள்ளும். பிரஷர் இறங்கும். அப்புறம் இன்ஜின் காலி.

இது மெக்கானிக் கடைப் பேச்சு மட்டும் இல்லை. ஐரோப்பாவில் பெஜோ, சித்ரோயன் கார்களின் 1.2 ப்யூர்டெக் இன்ஜின் இதே நனைந்த பெல்ட்டால் பெயர் கெட்டது. அமெரிக்காவில் 1.0 ஈகோபூஸ்ட் இன்ஜினில் ஆயில் பம்ப்பை ஓட்டும் பெல்ட் தொடர்பான பிரச்சினைக்காக 2023 டிசம்பரில் 1 லட்சத்து 39 ஆயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகளை ஃபோர்டு திரும்ப அழைத்தது. அதில் 2018 முதல் 2022 வரையிலான ஈகோஸ்போர்ட்களும் உண்டு. அமெரிக்காவில் விற்ற ஈகோஸ்போர்ட் எங்கிருந்து போனது தெரியுமா? நம்ம சென்னையிலிருந்துதான்.

ஆக, எந்த இன்ஜின் என்று தெரிந்தால்தான் அடுத்த கேள்வியையே கேட்க முடியும்: இதுவரை இதில் என்ன ஆயில் ஊற்றியிருக்கிறார்கள்?

மறுநாள் மூவருமாக நெல்லித்தோப்பு போனார்கள். வாத்தியார், மெக்கானிக், பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் வாத்தியாரின் மகள். ஆர்.சி. அட்டை கையில் இருந்தால் சிலிண்டர் எண்ணிக்கை அதிலேயே இருக்கும். புரோக்கரிடம் இருந்தது போனில் பாதி வெட்டுப்பட்ட படம். தயாரிப்பு மாதம் மட்டும் தெரிந்தது, 11/2017. பாருங்கள், மாறிய அதே மாதம்!

முன்பக்க கிரில், டேஷ்போர்டில் தனியாக நிற்கும் டச் ஸ்கிரீன் எல்லாம் புதிய மாடல்தான் என்று சொல்லின. "முகத்தை நம்பக் கூடாது சார், இடிச்சிட்டு மொத்த முன்பக்கத்தையும் மாத்தின வண்டி இருக்கு" என்றார் மெக்கானிக். ஸ்டார்ட் பண்ணி, இன்ஜின் மேல் தண்ணீர் பாட்டிலை வைத்தார் புரோக்கர். "ஆடுதா பாருங்க. நாலு சிலிண்டர்!" தண்ணீர் அதிகம் ஆடவில்லைதான். ஆனால் டிராகனில் அதிர்வைச் சமன் செய்ய ஒரு பேலன்ஸர் ஷாஃப்ட்டே வைத்திருக்கிறார்கள். அந்தச் சோதனையில் அது பாஸாகத்தான் செய்யும்.

மெக்கானிக் இன்ஜினை நிறுத்தினார். மேலே இருந்த பிளாஸ்டிக் மூடியை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். ஸ்பார்க் பிளக் இறங்கும் இடங்களை விரலால் தொட்டு எண்ணச் சொன்னார். வாத்தியார் எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு. நாலாவது இல்லை.

புரோக்கர் வாயைத் திறக்கும் முன்னால் மகள் திறந்தாள். 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 15: விவரம் சொல்லி விற்றால், பொருள் அந்த விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும். "நாலுன்னு சொல்லி மூணு குடுக்கறீங்க அங்கிள், அட்வான்ஸைத் திருப்பிக் குடுங்க." (செமஸ்டர் பரீட்சைக்குப் படித்தது வாழ்க்கையில் பயன்படுவதைப் பார்ப்பது அபூர்வக் காட்சி. "வாங்குபவரே விழித்திரு" என்பது பிரிவு 16-ல் இருக்கிறது, அதையும் புரோக்கர் படித்திருந்தால் விவாதம் நீண்டிருக்கும்.) மூணு சிலிண்டர் என்று சொன்னால் ஆள் ஓடிவிடுகிறார்கள், அதனால்தான் அப்படிச் சொன்னேன் என்று புரோக்கர் இறங்கி வந்தார்.

உண்மையில் மூணு என்பது குற்றமே இல்லை. வாத்தியார் அட்வான்ஸைத் திரும்பக் கேட்கவும் இல்லை. சர்வீஸ் பில்களைக் கேட்டார். ஓனரிடமிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரில் வந்தன. 2021 வரைக்கும் கம்பெனி சர்வீஸ், ஆயில் பெயர் எல்லாம் தெளிவு. அந்த வருடம் செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது, ஓனர் பயந்து வெளிக் கடைக்குப் போயிருக்கிறார். அதன்பின் இரண்டு பில்களில் வெறும் "இன்ஜின் ஆயில், 4 லிட்டர்". என்ன ஆயில்? எழுதவில்லை.

அந்த இரண்டு பில்லுக்காகத்தான் ஆயில் சம்பைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று மெக்கானிக் பிடிவாதம் பிடித்தார். ஓனர் முதலில் மறுத்து, செலவு வாத்தியாருடையது என்றதும் சம்மதித்தார். வடிகட்டியின் வலையில் தலைமுடி மாதிரி நாலைந்து கறுப்பு நூல்கள். அடைப்பு இல்லை, ஆனால் ஆரம்பம். பெல்ட்டை மாற்றியே ஆக வேண்டும் என்றார். விலையில் 35 ஆயிரம் குறைந்தது, பெல்ட் செலவு அதில் முக்கால்வாசியைத் தின்றது.

பெயர் மாற்றத்துக்கான ஃபாரத்தை நிரப்புகிற நாளில், சேஸிஸ் நம்பர் மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்தார்கள். மகள்தான் தேய்த்தாள். எம்.ஏ.ஜே. என்று ஆரம்பித்து ஒவ்வொரு எழுத்தாக எழும்பி வந்தது. வாத்தியார் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு அதை ஆர்.சி. அட்டையோடு ஒப்பிட்டார். பிறகு இன்ஜின் நம்பர். பிறகு சிலிண்டர் என்ற கட்டம்: 3.

"சரிதான், கையெழுத்து எங்க போடணும்?" என்றார்.