பூவும் நாணயமும்

ஐ சிங் என்ற சீன நூலிடம் குறி கேட்க இரண்டு வழிகள் உண்டு. பழைய வழிக்கு ‘யாரோ’ என்ற செடியின் (பெயரே அதுதான்) காய்ந்த தண்டுகள் ஐம்பது வேண்டும். ஒன்றை ஒதுக்கிவிட்டு, மீதி 49-ஐ இரண்டாகப் பிரித்து, நான்கு நான்காக எண்ணிக் கழிக்க வேண்டும். இப்படி மூன்று சுற்று முடிந்தால் ஒரு கோடு கிடைக்கும். ஆறு கோடுகளுக்குப் பதினெட்டுச் சுற்று, ஏறக்குறைய அரை மணி நேரம். பின்னால் வந்த வழியில் மூன்று நாணயங்களை ஆறு முறை வீசினால் போதும், இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

நான் அதையும் சுருக்கி, பைத்தானில் ஒரு நிரலாக எழுதி வைத்திருந்தேன். அப்புறம்தான் இரண்டு வழிகளின் நிகழ்தகவு ஒன்றல்ல என்று தெரிந்தது. நாணயத்தில் மாறும் யின், மாறும் யாங் இரண்டுக்கும் 16-இல் 2 வாய்ப்பு. தண்டில் யின்னுக்கு 1, யாங்குக்கு 3. நாலு வரியில் திருத்தினேன். அரை மணி நேரச் சடங்கை அப்படியே பிடித்துவிட்டதாக ஒரு பெருமை.

வெளிநாட்டு வேலை ஒன்று வந்தபோது அதில்தான் கேட்டேன். ஒரே ராத்திரியில் பதினொரு முறை. திரும்பத் திரும்பக் கேட்பவனுக்குப் பதில் கிடையாது என்று நூலின் நாலாவது குறியே எச்சரிக்கிறது. அதைப் படித்துவிட்டும் மறுபடி தட்டினேன்.

அந்த வாரம் பழவேற்காட்டிலிருந்து மாமா கூப்பிட்டார். ஏரியின் முகத்துவாரம் மணல் மூடிக்கிடந்தது. கடல் தண்ணி உள்ளே வராவிட்டால் இறால் ஏது? படகை விற்றுவிட்டுச் சென்னையில் மகனோடு இருந்துவிடலாமா என்று யோசனை. “அம்மன் கோயில்ல பூ கட்டிப் பாக்கணும்னு உன் அத்தை சொல்றா. நீயும் வாடா.”

குளித்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்குப் போனோம். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம், வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியக்கூடாது. வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். இலையைக் கையில் வைத்துக்கொண்டு பூசாரி கேட்டார், “இன்னா கேக்கணும்? ஒரே வார்த்தையா சொல்லு.”

மாமாவால் சொல்ல முடியவில்லை. படகை விக்கலாமா என்றார். உடனே, இல்லை, மகன் வீட்டுக்குப் போகலாமா என்றார். ஏரியில் யார் எந்த நாளில் எங்கே வலை கட்டுவது என்று முறை வைத்துப் பிரிக்கிற பாட்டில் தன் முறை போய்விடுமோ என்றார். “மூணு கேள்விக்கு ஒரு பூ பத்தாதுப்பா” என்று பூசாரி உட்கார்ந்துவிட்டார். நாங்களும் உட்கார்ந்தோம். இருட்டிவிட்டது.

ரொம்ப நேரம் கழித்து மாமா அத்தையிடம் திரும்பி, “உனக்கு அங்க போவணும்னு இருக்கா?” என்றார்.

“இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?” என்றாள் அத்தை. “எனக்கு இஷ்டமில்ல. நீ தனியா தண்ணில போறதுதான் பயம்.”

கேள்வி மாறியது. அடுத்த சீசன்வரை தம்பி மகனைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு தொழில் பார்க்கலாமா? பக்கத்து வீட்டுச் சிறுமி எடுத்த பொட்டலத்தில் வெள்ளை இருந்தது. சிவப்பு வந்திருந்தாலும் மாமா படகை விற்றிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

மெதுவான வழிதான் புனிதம் என்று சொல்ல வரவில்லை. குழந்தை காய்ச்சலில் கிடந்தால் அத்தை பூ கட்டிக்கொண்டிருக்க மாட்டாள், பொன்னேரிக்கு ஓடுவாள். ஆனால் தண்டைக் கையில் எடுப்பவன் பதினெட்டுச் சுற்றும் தன் கேள்வியோடு உட்கார்ந்திருக்க வேண்டும். நான் நிரலில் சரிசெய்தது அவனுடைய நிகழ்தகவை மட்டும்தான்.

திரும்பும் பஸ்ஸில் லேப்டாப்பைத் திறந்தேன். என் நிரலில் கேள்வியை எழுத இடமே இல்லை. பதினொரு முறையும் நான் எதையும் கேட்காமலேயே பதில் வாங்கியிருக்கிறேன். வெற்றுப் பக்கம் ஒன்றில் கேள்வியை ஒரே வரியில் எழுதிப் பார்த்தேன். சம்பளம் வந்தது, அடித்தேன். விசா வந்தது, அடித்தேன். பொன்னேரி தாண்டும்போது எழுதிய வரியில், அம்மா போன பிறகு தனியாக இருக்கும் அப்பா வந்தார். அதை அடிக்கவில்லை.