தலைக்கு மேலே உப்புமா!

அமெரிக்காவில் பழைய வீடு வாங்குகிற நம்மவர்கள் ஸ்கூல் எப்படி, இந்தியக் கடை எவ்வளவு தூரம் என்றெல்லாம் துருவித் துருவி விசாரிப்பார்கள். சீலிங்கை யாரும் விசாரிப்பதில்லை. நான் வாங்கினது 1974-ல் கட்டின வீடு. ஹால், பெட்ரூம் எங்கே அண்ணாந்தாலும் வெள்ளைப் பொரியை ஒட்டவைத்த மாதிரி இருக்கும். 'பாப்கார்ன் சீலிங்' என்று பெயர். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா, "ஏண்டா, ரவா உப்புமாவை எவன் மேலே விட்டெறிஞ்சான்?" என்றார்.

காரணத்தோடுதான் எறிந்திருக்கிறார்கள்! இங்கே சீலிங் என்பது கான்க்ரீட் இல்லை, ஜிப்சம் பலகை. பலகைகள் சேருகிற இடத்தைப் பூசித் தேய்த்து மறைக்க நேரமும் கூலியும் ஆகும். மெஷினால் இந்த உப்புமாவை ஒரு தடவை அடித்துவிட்டால் கோணல்மாணல் எல்லாம் காணாமல் போய்விடும். எதிரொலியும் குறையும்.

"ஒரு ஸ்டூலும், பட்டி பார்க்கிற தகடும் கொடு. ரெண்டு நாள்ல மொழுமொழுன்னு ஆக்கிடறேன்" என்று வேஷ்டியை மடித்துக் கட்டினார் அப்பா.

"தொடாதீங்கப்பா!" என்று அலறினேன். வீட்டில் இரண்டு வயசுப் பையன் இருக்கிறான்.

அந்தக் காலத்து உப்புமாவில் பல இடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அதை இப்படி அடிப்பதற்கு 1978-ல் அமெரிக்க அரசு தடை போட்டது. பார்த்தால் தெரியாது. சும்மா இருக்கிற வரைக்கும் அது சாது. சுரண்டினால்தான் வம்பு. கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் மிதந்து நுரையீரலில் போய் உட்கார்ந்துகொள்ளும். நோய் தலைகாட்ட இருபது, முப்பது வருஷம்கூட ஆகலாம். அதாவது, அப்பா சுரண்டினதுக்குப் பேரன் பில் கட்ட வேண்டி வரும்!

தண்ணீர் தெளித்து நனைத்து, சிட்டிகை சிட்டிகையாக எடுத்து லேபுக்கு அனுப்பினோம். மூணு சதவிகிதம் என்று ரிப்போர்ட் வந்தது. ஒரு சதவிகிதத்தைத் தாண்டினாலே சட்டப்படி அது ஆஸ்பெஸ்டாஸ் சரக்கு.

வழி இரண்டு. லைசென்ஸ் உள்ள ஆட்களை வைத்து, அறையை பிளாஸ்டிக்கால் அடைத்து, ஈரமாகவே சுரண்டி எடுப்பது ஒன்று. அதற்குக் கேட்ட தொகையில் எனக்கே மூச்சு முட்டியது. இன்னொன்று, அதன் மேலேயே புது ஜிப்சம் பலகையை அடித்து மூடிவிடுவது. மூடினோம். ஸ்க்ரூ இறங்கும்போதும் தூசி கிளம்பும் என்பதால், அதையும் விவரம் தெரிந்த ஆட்களிடமே விட்டோம். சீலிங் அரை இன்ச் இறங்கியது. அவ்வளவுதான்.

"எதையும் மூடி மறைக்காதேன்னு சொல்லித்தானே உன்னை வளர்த்தேன்?" என்றார் அப்பா.

"மூடியாச்சுப்பா. மறைக்கப் போறதில்லே" என்றேன்.

எனக்கு விற்றவர் இதைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை. நான் அப்படி இல்லை. லேப் ரிப்போர்ட்டும், எந்தெந்த அறையில் மூடியிருக்கிறது என்கிற விவரமும் வீட்டுப் பத்திரத்தோடு ஃபைலில் இருக்கின்றன. நாளைக்கு இந்த வீட்டை வாங்குகிறவருக்குச் சாவியோடு அந்தக் காகிதமும் போகும். அவருக்கும் ஒரு அப்பா, கையில் தகடோடு வந்து நிற்கலாம் இல்லையா?