கால்டுவெல் என்றால் குளிர்ந்த ஊற்று!

உடன்குடி கடைத்தெருவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கருப்பட்டிதான். சிரட்டையில் வார்த்து எடுத்த கறுப்பு வட்டுகள், ஓலைப்பெட்டிகளில் அடுக்கிக் கிடக்கும். சென்னை, மதுரைக் கடைகளிலும் 'உடன்குடி கருப்பட்டி' என்று எழுதி வைத்தால்தான் மதிப்பு. புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஊரின் பெயர், ஒரு பண்டத்துக்குக் குடும்பப்பெயர் ஆகிவிட்ட கதை இது.

இதே பனங்காட்டு மண்ணில், கடல் கடந்து வந்த ஊர்ப்பெயர் ஒன்றும் வாழ்கிறது. உடன்குடியிலிருந்து தெற்கே, திசையன்விளையைத் தாண்டினால் இடையன்குடி. அங்கே தூய திரித்துவ ஆலயத்தில் உறங்குகிறார் பிஷப் ராபர்ட் கால்டுவெல். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டவர்.

கால்டுவெல் என்பது அவர் குடும்பத்தின் பெயர். ஆனால், முதலில் அது ஊரின் பெயர். பழைய ஆங்கிலத்தில் 'கால்ட்' என்றால் குளிர்ந்தது, 'வெல்லா' என்றால் ஊற்று. அப்படி ஒரு நீரூற்று இருந்த இடங்களுக்கெல்லாம் இந்தப் பெயர் வந்தது. ஸ்காட்லாந்தின் ரென்ஃப்ரூஷயரிலும், இங்கிலாந்தின் யார்க்‌ஷயரிலும் கால்டுவெல்கள் உண்டு.

ஒரு காலத்தில் அங்கே சாதாரண மக்களுக்கு ஒற்றைப் பெயர்தான். ஒரே ஊரில் நாலு ஜான் இருந்தால் எப்படிப் பிரிப்பது? தகப்பன் பெயர், தொழில், ஊர் என்று எதையாவது சேர்த்தார்கள். நாளடைவில் அது தலைமுறை தலைமுறையாக ஒட்டிக்கொண்டது. இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியிலுள்ள வாஷிங்டன் என்ற ஊரின் பெயர், அமெரிக்காவின் முதல் ஜனாதிபதிக்குக் குடும்பப்பெயரானது. அவரால் மறுபடியும் ஒரு தலைநகரின் பெயரானது!

1814இல் அயர்லாந்தில், ஸ்காட்லாந்து வழிப் பெற்றோருக்குப் பிறந்த ராபர்ட், 1838இல் சென்னைக்கு வந்தார். 1841 முதல் அவருக்கு இடையன்குடிதான் ஊர். குளிர்ந்த ஊற்றின் பெயரைச் சுமந்தவர், வெயில் கொளுத்தும் பனங்காட்டில் அரை நூற்றாண்டு வாழ்ந்தார். அந்த ஊரார் அன்றாடம் சொல்லும் 'தண்ணீர்' என்ற சொல்லுக்கும் குளிர்ந்த நீர் என்றே பொருள்!

நம்மிடமும் ஊரைப் பெயரோடு சுமக்கும் வழக்கம் உண்டு. இனிஷியலின் முதல் எழுத்து ஊர், அடுத்தது தந்தை. ஊர்ப்பெயர்களை ஆராய்ந்து 'ஊரும் பேரும்' எழுதிய ரா.பி.சேதுப்பிள்ளையின் 'ரா', நெல்லைச் சீமையின் இராசவல்லிபுரம்தான்.

ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே ஊரை விட்டுப் போனாலும் பெயர் கூடவே போகும். இங்கே பிள்ளைகள் வெளியூரில் பிறந்ததும், முதலில் உதிர்வது ஊரின் எழுத்துதான். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கேட்டால் அப்பா பெயரை எழுதிவிடுகிறோம். ஊருக்கு அங்கே இடமில்லை.

உங்கள் தாத்தாவின் இனிஷியலில் முதல் எழுத்து எந்த ஊர்? வீட்டில் சொல்லத் தெரிந்தவர் இருக்கும்போதே கேட்டு வையுங்கள். கருப்பட்டியே தன் ஊரை விடாமல் வைத்திருக்கிறதே!