மணி ஒலிக்காத காலை

பங்குப் பேரவை என்றவுடன் நம்மில் பலருடைய மனக்கண் முன் எழும் காட்சி ஒன்றுதான். திருவிழா நெருங்குகிறது. பங்கு இல்லத்துத் திண்ணையில் நாற்காலிகள் போடப்படுகின்றன. கொடியேற்ற எந்தக் குருவை அழைப்பது, நவநாள் மறையுரைக்கு யார் யார், தேர் அலங்காரத்துக்கு எந்த ஊர்ப் பூக்காரர், வாணவேடிக்கைக்கு எவ்வளவு, தலைக்கட்டு வரி எத்தனை ரூபாய் என்று இரவு பத்து மணி வரை பேச்சு நீளுகிறது. இறுதியில் தேநீர் வருகிறது; செபம் சொல்லிக் கலைகிறோம். மறுநாள் காலையில் ஊர் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது.

திருவிழாவைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அது கிராமத்தின் உயிர்த்துடிப்பு. சென்னைக்கும் திருப்பூருக்கும் பிழைக்கச் சென்றவன் ஆண்டுக்கொரு முறை ஊர் திரும்புவது அந்தக் கொடி ஏறுவதைப் பார்க்கத்தான். ஆயினும், ஒரு கிராமத்துப் பங்குப் பேரவை எதற்காக இருக்கிறது என்ற கேள்விக்குத் திருவிழா மட்டும் விடையாகாது என்பதை, குருவாகி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சென்ற பின்னரே நாம் கற்றோம். கற்பித்தவர் குருமடத்துப் பேராசிரியர் அல்லர். பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு பெண்மணி. அவர் கற்பித்த பாடத்தில் நம் தவறும் அடங்கியிருப்பதால், அதை மறைக்காமல் எழுதுகிறோம்.

2016-ஆம் ஆண்டில், தென் மாவட்டத்தின் செம்மண் பூமியில், பனைகள் சூழ்ந்த ஒரு கிராமத்துப் பங்கை ஏற்றோம். முந்நூற்றுச் சொச்சம் வீடுகள். அவற்றுள் பெரும்பான்மை கத்தோலிக்கருடையவை, மற்றவை இந்துச் சகோதரர்களுடையவை. பேரவையில் பதினொரு பேர். அனைவரும் ஆண்கள், அனைவரும் ஊரில் சொல்லுக்கு மதிப்புள்ளவர்கள். பொருளாளர் ஓய்வு பெற்ற ஆசிரியர். பங்கின் பணத்தில் ஒரு காசு தவறினாலும் உறக்கம் கொள்ளாத மனிதர். சிவப்பு அட்டை போட்ட நீண்ட வரி ஏடு ஒன்று எப்போதும் அவர் கக்கத்தில் இருக்கும்.

முதல் ஆண்டிலேயே அவர் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். வரி பாக்கி பெருகிவிட்டது. ஆகவே, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பாக்கி வைத்துள்ள குடும்பத்துக்கு, அதைக் கட்டித் தீர்க்கும் வரை, ஊர்ப் பொதுப் பாத்திரங்கள், கோவில் துக்கமணி, சவ வண்டி ஆகிய சலுகைகள் கிடையா. அனைவரும் ஒப்புக்கொண்டனர். 'சலுகை' என்ற அந்தச் சொல்லின் மீது நம் கண் ஒரு கணம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. கையெழுத்திட்டோம்.

2017-ஆம் ஆண்டு, ஐப்பசி அடைமழைக் காலம். காலைத் திருப்பலி முடித்து உணவுக்கு அமர்ந்திருந்தோம். கோவில்பிள்ளை வாசலில் வந்து நின்றார். கீழத்தெருவில் ஓலைப்பெட்டி முடையும் மூதாட்டி இறந்துவிட்டார் என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "அந்த வீட்டுல மூணு வருச வரி பாக்கி சாமி. கமிட்டியில கேட்டுக்கிட்டு மணி அடிக்கட்டா?" என்றார். அன்று உச்சிவேளைக்குள் மறைமாவட்ட அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய ஒரு கணக்கில் நம் நினைவு இருந்தது. "பார்த்துச் செய்யுங்கள்" என்று சொன்னோம். அவ்வளவுதான். நல்லது செய்யச் சொன்னோமா, தீயது செய்யச் சொன்னோமா என்று நமக்கே தெரியாதபடி சொல்லப்பட்ட இரண்டு சொற்கள்.

மணி பதினொன்றுக்கு ஒலித்தது. மாலையில் மழை சற்று விட்டபோது அடக்கம் நடந்தது. கல்லறை மேட்டில் நின்று, ஏழைகள் பேறுபெற்றோர் என்பது குறித்து உருக்கமாகவே பேசினோம்.

அடுத்த மாதம் பேரவை கூடியது. அன்பியங்களின் பிரதிநிதிகளும் கலந்துகொள்ள வேண்டும் என்று ஆயர் இல்லத்திலிருந்து அறிவுரை வந்திருந்ததால், முதன்முறையாகப் பெண்கள் நால்வர் வந்தனர். நாற்காலி இருந்தும் அமராமல் கதவோரம் நின்றனர். நிகழ்ச்சி நிரல் முடிந்து, "வேறு ஏதேனும் உண்டா?" என்று வழக்கப்படி கேட்டோம். எவரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் கேட்கப்படும் கேள்வி அது. அவர்களுள் ஒருவர் வாய் திறந்தார்.

"சாமி, ஒண்ணு கேக்கணும். பெட்டி முடையுற பாட்டி ஒரு ஞாயித்துக்கிழமை பூசையைத் தவற விட்டதில்ல. செத்த அன்னைக்கு மணி அடிக்க மூணு மணி நேரமாச்சு. மருமவ காதுத் தோட்டக் கழட்டி அடகு வெச்சு, பாக்கியக் கட்டிட்டு வர்ற வரைக்கும், ஊருக்குச் சாவு தெரியல. கோழி செத்தாக்கூட அடுத்த வீட்டுக்குத் தெரியும். இது சாமிக்குத் தெரிஞ்சுதான் நடந்துச்சா?"

தெரியும் என்று சொல்ல நாணம். தெரியாது என்று சொன்னால் பொய். நாம் வாய் மூடி இருந்தோம். பொருளாளரே பதில் சொன்னார். "அம்மா, சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். கூலி வேலை செஞ்சு கண்ணியமா வரி கட்டுறவன் இருக்கான். கட்டாதவனுக்கும் அதே மரியாதைன்னா, கட்டுறவன் ஏமாளியா?" அவர் கேட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த வரியில்தான் கோவில் கூரை ஒழுகாமல் நிற்கிறது. கோவில்பிள்ளையின் குடும்பம் உண்கிறது. ஆயினும் அந்தப் பெண்மணியின் கேள்வி அறையை விட்டு வெளியேறவில்லை. கூட்டத்தை ஒத்திவைத்தோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. அப்போஸ்தலர் பணி நூலின் ஆறாம் அதிகாரத்தைத் திறந்தோம். எத்தனையோ முறை மறையுரை ஆற்றிய பகுதிதான். எருசலேமின் தொடக்கத் திருச்சபையில் எழுவர் தேர்ந்தெடுக்கப்பட்டது எதனால்? விழா நடத்துவதற்காகவா? அன்று, அன்றாடப் பந்தியில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசும் யூதர்கள் முறையிட்டார்கள். அப்போஸ்தலர்கள் அந்த முறையீட்டை அடக்கவில்லை. சபையைக் கூட்டினார்கள், ஆள்களைத் தெரிந்தெடுக்குமாறு சபையிடமே சொன்னார்கள். ஆகவே, நம் பேரவைகளுக்கெல்லாம் ஒரு மூதாதை உண்டென்றால், அது கைவிடப்பட்ட கைம்பெண்களின் முணுமுணுப்பிலிருந்து பிறந்தது. நம் ஊரிலோ, ஒரு கைம்பெண்ணின் பிணத்தைக் காக்க வைக்கப் பேரவையே தீர்மானம் எழுதியது.

பின்னர்த் திருச்சபைச் சட்டத் தொகுப்பைப் புரட்டினோம். 1983-இல் வெளியான அத்தொகுப்பின் 1181-ஆம் சட்டம், அடக்கச் சடங்குகளில் ஆள் பார்த்து நடத்தலாகாது என்றும், ஏழைகளுக்குத் தகுந்த அடக்கம் மறுக்கப்படலாகாது என்றும் தெளிவாகப் பணிக்கிறது. குருமடத்தில் இதைப் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறோம். தேர்வில் தேறியவன் வாழ்வில் தவறினான்.

பேரவை பற்றித் திருச்சபை சொல்வதையும் அன்று மீண்டும் கற்றோம். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பொதுநிலையினரின் பணி பற்றிய ஏட்டில், இயன்ற அளவு பங்குகளிலும் ஆலோசனைக் குழுக்கள் அமையவேண்டும் என்று விரும்பியது. சட்டத் தொகுப்பின் 536-ஆம் சட்டப்படி, பங்குப் பேரவைக்குப் பங்குத் தந்தையே தலைவர். பேரவைக்கு உள்ளது ஆலோசனை கூறும் வாக்கு. 537-ஆம் சட்டம் ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே தீரவேண்டும் என்கிறது. 1287-ஆம் சட்டமோ, இறைமக்கள் தந்த காணிக்கைக்கு இறைமக்களிடமே கணக்குக் காட்டச் சொல்கிறது.

'ஆலோசனை வாக்குத்தானே' என்று நம் போன்ற குருக்கள் சில வேளை அலட்சியமாய்ச் சொல்வதுண்டு. ஆனால் புனித ஆசீர்வாதப்பர் தம் மடத்து ஒழுங்கின் மூன்றாம் அதிகாரத்தில் என்ன வகுத்தார்? முக்கியமான காரியம் வந்தால் மடாதிபதி எல்லாரையும் கூட்டவேண்டும். ஏனெனில் சிறந்ததை ஆண்டவர் பல வேளைகளில் இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்றார். முடிவு மடாதிபதியுடையதே. ஆனால் கேளாமல் முடிவு செய்யும் உரிமை அவருக்குத் தரப்படவில்லை. கதவோரம் நின்றவருக்கு வெளிப்பட்டது, நாற்காலியில் இருந்த நமக்கு வெளிப்படவில்லை என்பதை நினைக்க நினைக்க அந்த மூன்றாம் அதிகாரம் நமக்கென்றே எழுதப்பட்டது போல் தோன்றியது.

மறுநாள் மாலை பொருளாளரை அழைத்துக்கொண்டு கீழத்தெரு வீட்டுக்குச் சென்றோம். "தவறு எங்களுடையது" என்றோம். அந்த மருமகள் கடுங்காப்பி போட்டுக் கொடுத்தார். வேறொன்றும் சொல்லவில்லை. மன்னித்தாரா என்று அவர் முகம் காட்டவில்லை. கேட்கும் உரிமையும் நமக்கு இல்லை. அடகிலிருந்த தோட்டைப் பொருளாளர் தம் ஓய்வூதியத்திலிருந்து மீட்டுக் கொடுத்தார் என்பது பல மாதங்களுக்குப் பின் வேறொருவர் வாயால் நமக்குத் தெரிந்தது.

அடுத்த கூட்டத்தில் அந்தத் தீர்மானம் நீக்கப்பட்டது. எளிதில் நடக்கவில்லை, இருவர் எழுந்து வெளியேறினர். ஒவ்வோர் அன்பியமும் ஓர் ஆண், ஒரு பெண் என இருவரைத் தேர்ந்து அனுப்பும்படி பேரவை திருத்தி அமைக்கப்பட்டது. மாதத்தின் முதல் ஞாயிறு திருப்பலிக்குப் பின் வரவு செலவு வாசிக்கப்பட்டு, கோவில் வாசற்பலகையில் ஒட்டப்பட்டது. யார் இறந்தாலும், எந்த மதத்தவராயினும், உடனே சவ வண்டி போகவேண்டும் என்று ஒரு சிறு அடக்க நிதி தொடங்கினோம். ஒவ்வொரு கூட்டமும் செபத்துக்குப் பின் ஒரே கேள்வியோடு ஆரம்பமாயிற்று: 'இந்த மாதம் நாம் போகாத வீடு எது?'

அந்தக் கேள்வி பல வேலைகளைக் கொண்டுவந்து சேர்த்தது. முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதத் தெரியாத கிழவரைத் தாலுகா அலுவலகத்துக்கு அழைத்துச் செல்ல ஓர் இளைஞர் வேண்டும். மண்ணெண்ணெய் விளக்கில் படிக்கும் பிள்ளைகளுக்குக் கோவில் மண்டபத்தில் மாலை வகுப்பு வேண்டும். கல்லறைத் தோட்டத்துக்கும் சுடுகாட்டுக்கும் ஒரே மண் பாதை. மழையில் முழங்கால் அளவு சேறு. பாதை போடுவது பேரவையின் வேலையன்று, ஊராட்சியின் வேலை. ஆகவே குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய தினங்களில் கூடும் கிராம சபைக்கு நம் மக்களும் இந்துச் சகோதரர்களும் சேர்ந்தே மனுக் கொண்டு சென்றார்கள். நான்கு முறை கேட்ட பிறகு பாதை வந்தது. ஊராட்சியின் இடத்தில் பேரவை அமரலாகாது. ஆனால் ஊராட்சியின் கதவைத் தட்ட மக்களுக்குத் துணிவு தரலாம். அதுபோலவே பேரவை நீதிமன்றமும் அன்று. சண்டையிட்டவரைச் சேர்த்து வைக்கலாம். அபராதம் விதிக்கவோ, ஒருவரை ஊரிலிருந்து ஒதுக்கவோ அதற்கு உரிமை இல்லை.

இழப்பும் இருந்தது. முதல் ஆண்டு வரி வரவு குறைந்தது. பொருளாளர் அஞ்சியது பொய்யாகவில்லை. வாணவேடிக்கையை விட்டோம், ஒலி ஒளி அமைப்பைப் பாதியாக்கினோம். 'இந்தச் சாமி வந்து திருவிழாவைக் கெடுத்துவிட்டார்' என்ற பேச்சு நம் காதிலும் விழுந்தது. மூன்றாம் ஆண்டில்தான் வரவு பழைய நிலைக்கு வந்தது. கணக்கு வாசலில் ஒட்டப்படுவதைக் கண்டவர்கள் தாமாகவே கொடுக்கத் தொடங்கினர்.

2020 மார்ச் மாதம் 25-ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. கோவில் கதவு அடைபட்டது. பனையேறிகளும் பீடித் தொழிலாளரும் வருவாயின்றி அமர்ந்தனர். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று நம் பேரவைக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அது முன்னமே அறிந்திருந்தது. திருவிழாவுக்கென வைத்திருந்த தொகை அரிசியாகவும் பருப்பாகவும் மாறி, சிலுவை உள்ள வாசலுக்கும் கோலமிட்ட வாசலுக்கும் ஒன்றுபோலச் சென்றது. ஒரு சந்திப்பிலும் அமராமல் பேரவை தன் பணியைச் செய்தது அந்த மாதங்களில்தான்.

2024 அக்டோபரில் நிறைவுற்ற ஆயர் மாமன்றம், பங்குப் பேரவை போன்ற அமைப்புகளைக் கட்டாயமாக்க வேண்டும் என்று தன் இறுதி ஏட்டில் வலியுறுத்தியுள்ளது. நல்லதே. ஆனால் கட்டாயத்தால் கூட்டம் கூடும், காது திறக்காது. நம் அருமைப் பங்கு மக்களை நாம் கேட்டுக்கொள்வது ஒன்றே. உங்கள் ஊரில் அடுத்த பேரவைக்கு ஆள்களைத் தேர்ந்தெடுக்கும்போது, நன்றாகப் பேசத் தெரிந்தவரோடு, கதவோரம் நிற்பவர் ஒருவரையும் தெரிந்தெடுங்கள். அவர் பேசும் வரை பொறுத்திருங்கள். உடன் குருக்களிடமும் ஒரு விண்ணப்பம்: யாரேனும் வாசலில் வந்து நின்று கேட்கும்போது, 'பார்த்துச் செய்யுங்கள்' என்று மட்டும் சொல்லாதீர்கள். எழுந்து சென்று பாருங்கள்.

2022-இல் அந்தப் பங்கை விட்டு மாற்றலாகி வரும்போது, பொருளாளர் அந்தச் சிவப்பு ஏட்டைப் புதிய குருவிடம் ஒப்படைத்தார். பெயர், வரி, பாக்கி என்று முன்பு மூன்று பத்திகள் இருந்தன. அவர் தம் அழகிய கையெழுத்தில், அடிக்கோல் வைத்து நான்காவது பத்தி ஒன்று வரைந்திருந்தார். அதன் தலைப்பு: 'காரணம்'. மகனுக்கு வேலையில்லை, சிறுநீரக நோய், மழையில் வீடு இடிந்தது என்று வீடு வீடாக எழுதியிருந்தார். கீழத்தெருவின் அந்த வீட்டுக்கு நேரே மட்டும் ஒன்றும் எழுதவில்லை. வெறுமையாக விட்டிருந்தார். ஏன் என்று நாம் கேட்கவில்லை.